இசம் என்றால் எல்லாம் வாதமா?

மெய்ப்புப் பார்க்க வந்த ஒரு மருத்துவக் கட்டுரையில் ‘மதுவாதம்’ என்ற சொல் நாலைந்து இடங்களில் இருந்தது. மதுவிலக்கை எதிர்ப்பவர்களின் கொள்கையாக்கும் என்று நினைத்துக்கொண்டே படித்தேன். இரண்டு பத்தி தாண்டிய பிறகுதான் அது ஆல்கஹாலிசம் என்பதன் தமிழாக்கம் என்று பிடிபட்டது. மொழிபெயர்த்தவரை நான் குறை சொல்ல மாட்டேன். கம்யூனிசம், கேப்பிடலிசம், பாசிசம் என்று கேட்டுக் கேட்டு, இசம் என்றாலே கொள்கைதான் என்று நமக்கெல்லாம் பதிந்துபோயிருக்கிறது.

இந்த விகுதியின் ஊர் கிரீஸ். கிரேக்கத்தில் ‘-இஸைன்’ என்று முடியும் வினைகள் உண்டு. அவற்றிலிருந்து ‘-இஸ்மோஸ்’ என்று பெயர்ச்சொல் ஆக்குவார்கள். பாப்டிஸைன் என்றால் தோய்ப்பது, முழுக்குவது. பாப்டிஸ்மோஸ் என்றால் முழுக்கு. கிறிஸ்தவர்களின் ஞானஸ்நானத்தைத் ‘திருமுழுக்கு’ என்று தமிழில் சொன்னவர் யாராயிருந்தாலும் அவர் காது கூர்மையானது. கிரேக்கத்தில் வினையிலிருந்து பிறந்த பெயர் தமிழிலும் தொழிற்பெயராகவே வந்து நிற்கிறது. அதில் கொள்கையும் இல்லை, வாதமும் இல்லை.

செயலைக் குறித்த விகுதி கொள்கைப் பக்கம் சாய்ந்தது எப்படி? நடுவில் ஒரு படி இருக்கிறது. ஹெல்லெனிஸைன் என்றால் கிரேக்கரைப் போலப் பேசுவது, நடப்பது. அதன் பெயர் வடிவம் ஹெல்லெனிஸ்மோஸ். யூதர்களின் பழைய வரலாற்றைச் சொல்லும், கிரேக்கத்திலேயே எழுதப்பட்ட மக்கபேயர் இரண்டாம் நூலில் இந்தச் சொல்லும் இருக்கிறது, அதற்கு எதிர்முனையில் யூதாயிஸ்மோஸ் என்ற சொல்லும் இருக்கிறது. ஒரு மக்களைப் போல நடப்பது, அந்த மக்களின் நெறியைப் பற்றி நிற்பது என்று பொருள் நகர்கிறது. அங்கிருந்து கொள்கைக்கு வர ஓர் எட்டுதான்.

லத்தீன் இதை ‘-இஸ்முஸ்’ என்று வாங்கிக்கொண்டது. ஜெர்மன் இன்றும் அந்த லத்தீன் வடிவத்தையே வைத்திருக்கிறது: கொமுனிஸ்முஸ். இத்தாலியில் ‘-இஸ்மோ’, பிரெஞ்சில் ‘-இஸ்ம்’. போலிஷ் மொழி தன் ஒலியமைப்புக்கு ஏற்ப சில மெய்களுக்குப் பின் உயிரையே மாற்றிவிடுகிறது. லித்துவேனியர்கள் தங்கள் ஆண்பால் ஈற்றைச் சேர்த்து ‘-இஸ்மஸ்’ என்கிறார்கள். ஃபின்னிஷும் ஹங்கேரியனும் இந்தோ ஐரோப்பியக் குடும்பமே அல்ல, அங்கேயும் ‘-இஸ்மி’, ‘-இஸ்முஷ்’ என்று புகுந்துவிட்டது. இன்றைய கிரேக்கத்தில் கம்யூனிசத்தைக் கொமுனிஸ்மோஸ் என்பார்கள். பகுதி லத்தீன், விகுதி மட்டும் கிரேக்கருடையது. பிறந்தகத்துக்குத் திரும்பிவந்த விகுதி அது. ஐஸ்லாந்துக்காரர்களிடம் இரண்டு வழியும் உண்டு. சோஷலிசத்தைக் கடனாக ‘சோசியலிஸ்மி’ என்றும் சொல்கிறார்கள். சமத்துவம் என்ற சொல்லோடு போக்கு, திசை என்று பொருள்படும் ‘ஸ்டெஃப்னா’வைச் சேர்த்துத் தங்கள் சொல்லாகவும் ஆக்கிக்கொண்டார்கள். எனக்குப் பிடித்தது இரண்டாவது வழி.

நோய்க்கும் இந்த விகுதி பழையது. ருமாட்டிசத்தின் வேரான கிரேக்க ‘ரெயுமா’வுக்கு ஒழுக்கு, நீரோட்டம் என்று பொருள். உடலில் கெட்ட நீர் இறங்கித் தங்குவதால் வலி வருகிறது என்பது அந்தக் கால மருத்துவம். ஸ்வீடன் மருத்துவர் மாக்னுஸ் ஹுஸ் 1849இல் நாட்பட்ட குடியால் வரும் கேடுகளை ஆல்கஹாலிஸ்முஸ் என்று பெயரிட்டது இந்த மரபில்தான். ஆட்டிசம் என்ற சொல்லும் சுவிட்சர்லாந்து மனநல மருத்துவர் ஒய்கன் ப்ளாய்லரிடமிருந்து அப்படியே வந்தது.

தமிழில் ருமாட்டிசம் முடக்குவாதம் ஆயிற்று. மெட்டீரியலிசத்தின் தமிழான பொருள்முதல்வாதத்திலும் வாதம் இருக்கிறது. ஆனால் இரண்டும் ஒரே வாதம் அல்ல. நோயின் வாதம் காற்றைக் குறிக்கும் ‘வாத’, கொள்கையின் வாதம் பேச்சைக் குறிக்கும் ‘வாத’. வடமொழியில் த-கரங்கள் வேறு வேறு. தமிழ் எழுத்தில் ஒன்றாகிவிட்டன. ‘மதுவாதம்’ தடுமாற வைத்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆகவே இசத்துக்கு இதுதான் தமிழ் என்று ஒரே விகுதியைக் கைகாட்ட முடியாது. அந்தச் சொல்லில் அது என்ன வேலை செய்கிறது என்று பார்க்க வேண்டும். ஒருவர் பெயரால் அமைந்த சிந்தனை என்றால் ‘-இயம்’ அழகாக உட்காரும்: மார்க்சியம், காந்தியம், பெரியாரியம். பெண்ணியமும் அப்படித்தான் நிலைத்தது. பகை கலந்த நிலைப்பாடு என்றால் வாதமோ வெறியோ பொருந்தும். ரேசிசத்தை இலங்கையில் இனவாதம் என்பார்கள், தமிழ்நாட்டில் இனவெறி என்பது அதிகம். துறை என்றால் இயல்: ஜர்னலிசம் இதழியல். ஸ்ட்ரக்சுரலிசத்தை அமைப்பியல் என்பது மட்டும் எனக்கு இன்னும் உறுத்துகிறது, அது துறை அல்ல, பார்வை. செயல் என்றால் விகுதியைத் தேடவே வேண்டாம். டூரிசத்துக்குச் சுற்றுலா போதும்.

இதன் உடன்பிறப்பு ‘-இஸ்ட்’. கிரேக்க ‘-இஸ்டேஸ்’ செய்பவரைக் குறிக்கும். இத்தாலியில் அது ‘-இஸ்தா’. ஒருமையில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றே, பன்மையில்தான் பிரியும். தென்திஸ்தா பல் மருத்துவர், அவுதிஸ்தா கார் ஓட்டுநர். நம் காபிக் கடைகளில் வேலைக்கு எடுக்கும் பாரிஸ்டாவும் பார் + இஸ்தாதான், பாரில் நின்று பரிமாறுபவர். எல்லா இஸ்டையும் ‘வாதி’ ஆக்கினால் பல் மருத்துவர் பல்வாதி ஆகிவிடுவார். மார்க்சியர், தட்டச்சர், இதழாளர் என்று ஆளுக்கேற்ற ஈறு நம்மிடம் இருக்கிறது.

அந்தக் கட்டுரையில் மதுவாதத்தை அடித்துவிட்டுக் குடிநோய் என்று எழுதி அனுப்பினேன். குடிநோயாளி என்ற சொல் மறுவாழ்வு மையங்களில் ஏற்கெனவே புழங்குகிறது.