ஒரு வகுப்பை வைத்தோம், தோட்டமே கூட வந்தது

தேயிலைத் தோட்டங்களின் கொழுந்துக் கணக்கைப் பதியும் ஒரு இணைய மென்பொருளை ஹட்டனில் இருந்தபடி சில வருடங்கள் பராமரித்தேன். கொழுந்து நிறுக்கும் கொட்டகையான மடுவத்தில் நிறுத்த கிலோவை மாலையில் கணக்கப்பிள்ளைமார் ஒவ்வொரு பேராக ஏற்றுவார்கள். எழுதியது ஜாவாவில், ஓடியது டொம்கெட் 9 என்ற சேர்வர் மென்பொருளில்.

மாதத்தின் மற்ற நாட்களில் தொல்லை இல்லை. பத்தாம் திகதி சம்பளத்துக்கு முந்திய நாட்களில் மட்டும் சேர்வர் திணறும். எல்லாத் தோட்டங்களும் மாதக் கணக்கைத் திறக்கும் நேரம் அது. நினைவகம் நிரம்பும், யாராவது நிறுத்தி மறுபடி ஓட விடுவார்கள், வேகம் வந்துவிடும். ஆனால் பாதி ஏற்றி, இன்னும் சேமிக்காமல் இருந்த கிலோக்கள் காணாமல் போகும். குறித்த கிலோ இல்லையென்றால் அன்றைக்கு அரைப் பேர்தான், அதாவது பாதி நாள் சம்பளம். என் அம்மா கொழுந்து எடுத்தவர். அரைப் பேர் விழுந்த நாளில் வீடு எப்படி இருக்கும் என்று தெரிந்தவன் நான். அதனால்தான் இந்தப் பிழையை விடாமல் துரத்தினேன்.

முதல் தடயம் சேர்வர் எழுதும் பதிவான லாக்கில் கிடைத்தது. டொம்கெட் 9 ஐ முறையாக நிறுத்தினால், ஒவ்வொரு பயனருக்காகவும் நினைவில் வைத்திருக்கும் தகவலான செஷன்களை ஒரு கோப்பில் எழுதிவைத்து, மறுபடி ஓடும்போது படித்துக்கொள்ளும். எழுத முடியாத பொருளை எச்சரிக்கையோடு விட்டுவிடும். செஷனில் நாங்கள் வைத்தது ‘வரி’ என்ற சின்ன வகுப்பின் பொருட்கள். ஒரு பெயர், ஒரு திகதி, ஒரு கிலோ, அவ்வளவுதான். அதைச் சீரியலைசபிள், அதாவது கோப்பில் எழுதத்தக்கது, என்றும் அறிவித்திருந்தோம். ஆனால் எழுத முடியவில்லை என்று லாக் சொன்னது ‘மாதக்கணக்கு’ என்ற வகுப்பை. அதை நாங்கள் செஷனில் வைக்கவே இல்லை.

‘வரி’யை ‘மாதக்கணக்கு’க்கு உள்ளே, ஸ்டேட்டிக் என்ற சொல் இல்லாமல் எழுதியிருந்தோம். அங்கேதான் சிக்கல்.

தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயன் வீடுகளுக்குத் தனி முகவரி இல்லாத கதை மலையகத்தில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும். கடிதம் தோட்டத்தின் பெயருக்கு வந்து, தோட்டத்து ஒபிஸ் வழியாகத்தான் கைக்குக் கிடைக்கும். ஜாவாவின் இன்னர் கிளாஸும், அதாவது இன்னொரு வகுப்புக்குள் ஸ்டேட்டிக் இல்லாமல் எழுதிய வகுப்பும், அப்படித்தான். அதன் ஒவ்வொரு பொருளும் தன்னை உருவாக்கிய வெளிப் பொருளின் முகவரியை மறைவாக வைத்திருக்கிறது. நிரலில் நாம் எழுதாத அந்தப் புலத்தைக் கம்பைலரே சேர்க்கிறது. இன்னர் கிளாஸ் 1997 இல் ஜாவா 1.1 உடன் வந்த நாளிலிருந்து ஜாவா 17 வரை இதுதான் வழக்கம். ஸ்டேட்டிக் என்று எழுதினால் அந்தக் கட்டு அறுகிறது. வீட்டுக்குச் சொந்த இலக்கம் கிடைத்த மாதிரி.

நினைவகத்தில் உள்ள பொருட்களின் நகலான ஹீப் டம்ப் எடுத்துப் பார்த்தபோது மீதியும் விளங்கியது. ஒவ்வொரு கோரிக்கைக்கும் புதிதாக ஒரு ‘மாதக்கணக்கு’ உருவாகும். அதற்குள் ஒரு தோட்டத்தின் முழு மாதப் பதிவும் இருக்கும். கோரிக்கை முடிந்ததும் குப்பையாகிப் போக வேண்டிய பொருள் அது. செஷனில் இருக்கும் ஒரு ‘வரி’ பிடித்துக்கொண்டிருப்பதால் போக முடியவில்லை. செஷன் தானாக முடிய டொம்கெட் வழக்கமாக எடுக்கும் நேரம் 30 நிமிடம், அதுவும் கடைசிக் கோரிக்கையிலிருந்து. கணக்கப்பிள்ளை வேலை செய்துகொண்டே இருந்தால் செஷன் எங்கே முடியப் போகிறது? நினைவகம் நிரம்பியதற்கும், மறுபடி ஓட விட்டதும் கிலோ தொலைந்ததற்கும் காரணம் ஒன்றுதான்.

இதில் நான் செய்த ஒரு தவறையும் சொல்ல வேண்டும். முதலில் ‘மாதக்கணக்கு’க்கும் சீரியலைசபிள் போட்டேன். எச்சரிக்கை நின்றது. ஆனால் முழு மாதப் பதிவும் செஷன் கோப்புக்குள் போய் உட்கார்ந்தது. எச்சரிக்கை கேட்கிறதே என்று அந்தச் சொல்லைச் சேர்க்காதீர்கள், தம்பி தங்கைகளே. ஏன் கேட்கிறது என்று பாருங்கள்.

ஸ்டேட்டிக் சேர்த்ததும் கம்பைலர் இரண்டு இடங்களில் பிழை காட்டியது. அங்கெல்லாம் ‘வரி’, வெளி வகுப்பின் புலத்தைத் தன்னுடையது போல எடுத்துக்கொண்டிருந்தது. தேவையான மதிப்பைக் கன்ஸ்ட்ரக்டர் வழியே கொடுத்தோம். அடுத்த பத்தாம் திகதி அமைதியாகப் போனது.

இணையக் கோரிக்கைகளுக்குப் பதில் தரும் வகுப்பான சேர்வ்லெட்டுக்குள் இன்னர் கிளாஸ் எழுதினால் வேறொரு ஆபத்து. சேர்வ்லெட் பொதுவாக ஒரே பொருள்தான், எல்லாருடைய கோரிக்கையும் அதன் வழியாகவே ஓடும். அதன் புலத்தை உள் வகுப்பு தொட்டால் ஒருவர் வைத்த மதிப்பு இன்னொருவர் திரையில் வரலாம். ஜேசன் என்ற உரை வடிவத் தகவலைப் பொருளாக மாற்றும்போது ஜாக்சன் நூலகம் இன்னர் கிளாஸில் தடுமாறுவதும் இதே கட்டினால்தான். வெளிப் பொருள் இல்லாமல் உள்ளதை அதனால் உருவாக்க முடியாது. பெயரில்லா வகுப்புகளும் இப்படித்தான். 2014 இல் ஜாவா 8 உடன் வந்த லாம்டா என்ற பெயரில்லாச் சிறு செயல்பாடு, வெளிப் பொருளை உண்மையில் பயன்படுத்தினால் மட்டுமே பிடித்துக்கொள்ளும்.

இன்னர் கிளாஸே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஒரு பட்டியலைச் சுற்றிவரும் இட்டரேட்டர் அந்தப் பட்டியலிலிருந்து பிறந்து, அதற்கு முன்பே முடிந்துவிடும். அங்கே அது சரி. செஷன், கேஷ், பின்னணியில் ஓடும் வேலை என்று வெளிப் பொருளைவிட நீண்ட காலம் இருக்கப் போகிற எதற்கும் ஸ்டேட்டிக் போடுங்கள். வெறும் தகவலைச் சுமக்கும் வகுப்பு என்றால், 2021 இல் ஜாவா 16 உடன் நிலையான அம்சமாகிய ரெக்கார்ட் போதும். உள்ளே எழுதினாலும் அது தானாகவே ஸ்டேட்டிக்தான்.

ஜாவா 18 இலிருந்து, பயன்படாத அந்த மறைவுப் புலத்தைக் கம்பைலர் பெரும்பாலும் விட்டுவிடுகிறது. ஆனால் ஒரே ஒரு வரியில் வெளிப் புலத்தைத் தொட்டாலும் கட்டு திரும்ப வந்துவிடும். சந்தேகம் என்றால் கம்பைல் செய்த கோப்பை ஜாவாபி கட்டளையால், தனிப்பட்ட புலங்களையும் காட்டும் பி தெரிவோடு திறந்து பாருங்கள். வகுப்பின் பெயரில் டாலர் குறி இருப்பதால், லினக்ஸில் அதை ஒற்றை மேற்கோளுக்குள் எழுத வேண்டும். திஸ், டாலர், பூச்சியம் என்று ஒரு புலம் கண்ணில் பட்டால், அந்தப் பொருளை எங்கெல்லாம் செஷனில் வைத்திருக்கிறீர்கள் என்று அன்றைக்கே தேடிவிடுங்கள்.