மெலோதி: பிரெஞ்சுக் கவிதைப்பாடல்

நமக்கு மெலடி என்றால் சினிமாவில் மெதுவாக, இதமாகப் போகும் பாட்டு. அதே சொல்லைப் பிரெஞ்சில் மெலோதி என்கிறார்கள். மெட்டு என்ற பொதுப்பொருள் அங்கேயும் உண்டு. ஆனால் இசைக்காரர்கள் சொல்லும் மெலோதி வேறு: கவிஞர் ஏற்கெனவே எழுதிவிட்ட கவிதைக்கு, குரலுக்கும் பியானோவுக்குமாக அமைத்த பாடல். அது வேகமாகவும் இருக்கலாம்.

வேர் கிரேக்கம். மெலோஸ், ஓடே இரண்டுமே பாட்டைக் குறிப்பவை. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரெஞ்சு வீட்டு வரவேற்பறைகளில் ஒலித்தது 'ரொமான்ஸ்': பெரும்பாலும் எல்லாச் சரணத்துக்கும் ஒரே மெட்டு, எளிய பியானோ. ஐரிஷ் கவிஞர் தாமஸ் மூரின் 'ஐரிஷ் மெலடீஸ்' பாடல்களின் பிரெஞ்சுப் பெயர்ப்புக்கு, பிரெஞ்சு இசையமைப்பாளர் பெர்லியோஸ் இசையமைத்து 1830இல் வெளியிட்டார்; தலைப்பிலேயே மெலோதி என்று போட்டார். அப்புறம் ஆஸ்திரிய இசையமைப்பாளர் ஷூபர்ட்டின் ஜெர்மன் பாடல்களும் அதே பெயரில் பாரிசுக்கு வந்தன. பெயர் நிலைத்துவிட்டது.

ரொமான்ஸிலிருந்து இது எவ்வளவு தூரம் வந்தது என்பதற்கு, பிரெஞ்சுக் கவிஞர் வெர்லேனின் 'நிலவொளி' கவிதைக்கு இசையமைப்பாளர் ஃபோரே 1887இல் அமைத்த பாடலைக் கேட்க வேண்டும். பியானோ மினுவெட் நடனம் ஒன்றைத் தன்பாட்டுக்கு வாசித்துக்கொண்டிருக்கிறது. குரல் நடுவில்தான் வந்து சேர்கிறது. யாருக்கு யார் பக்கவாத்தியம் என்றே சொல்ல முடியாது. எனக்கு மெலோதியின் உச்சம் இதுதான்.

மொழியும் இதில் பாதி. பிரெஞ்சுப் பேச்சில் சொல்லிறுதியில் விழுங்கப்படும் மெல்லிய உயிரொலி, பாட்டில் பல இடங்களில் தனி அசையாகிறது. நம் குற்றியலுகரத்தை நினைத்துக்கொள்ளலாம். அதை அழுத்தாமல், விட்டுவிடாமல் பாடுவதுதான் பாடகருக்குப் பெரிய சோதனை.

சரி, தமிழில் எப்படிச் சொல்வது? மெல்லிசை பொருந்தாது; அது லைட் மியூசிக்குக்கு நிலைத்துவிட்ட சொல். கலைப்பாடல் என்பது ஜெர்மன் 'லீட்' உட்பட எல்லா நாட்டுக்கும் பொதுவானது. கவிதை முதலில், இசை பிறகு என்பதைச் சொல்லும் 'கவிதைப்பாடல்' எனக்குச் சரியாகப் படுகிறது. இடம் தெரிய வேண்டுமானால் முன்னால் 'பிரெஞ்சு' சேர்க்கலாம்.

'ஷான்சோன்' என்ற சொல்லை இதோடு குழப்பக்கூடாது. அது பொதுவாகப் பாட்டு. பிரெஞ்சு வெகுஜனப் பாடகி எடித் பியாஃப் பாடியவை ஷான்சோன்கள். ஃபோரேயின் 'லா போன் ஷான்சோன்' தொகுப்பில் அந்தச் சொல் இருப்பது வெர்லேனின் நூல் தலைப்பிலிருந்து வந்ததால்தான். உள்ளே உள்ள 9 பாடல்களும் மெலோதிகளே.