காய்ச்சல் இல்லை என்று காத்திருக்க வேண்டாம்

மலேசியாவின் ஈப்போவில் தீவிர சிகிச்சைப் பிரிவில் வேலை செய்யும் தாதி நான். சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து எங்களிடம் வருபவர்களின் கோப்பில் அடிக்கடி பார்க்கும் சொல் செப்சிஸ். குடும்பத்தார் சொல்வதும் பெரும்பாலும் ஒன்றுதான். காலில் சின்னப் புண், இரண்டு நாளாகச் சோர்வு. "காய்ச்சல்கூட இல்லையே மிஸ்ஸி, தூங்கிக்கிட்டேதான் இருந்தாரு."

அந்தத் தூக்கம் பல நேரங்களில் தூக்கமே அல்ல. கிருமி உள்ளே புகுந்தால் உடம்பு அதை எதிர்த்துப் போராடும். செப்சிஸில் அந்தப் போராட்டம் கட்டுமீறிப் போய் நம் உறுப்புகளையே கெடுக்கத் தொடங்குகிறது. ரத்தக் குழாய்கள் தளர்ந்து, உள்ளிருக்கும் நீர் வெளியே கசிந்து, ரத்த அழுத்தம் இறங்குகிறது. மூளைக்கு ரத்தம் போதாததால் ஆள் மந்தமாகிறார், சம்பந்தமில்லாமல் பேசுகிறார். சிறுநீரகத்துக்குப் போதாததால் சிறுநீர் குறைகிறது. மூச்சு வேகமாகிறது. வயதானவர்களுக்கும் இனிப்பு நீர் (நீரிழிவு) உள்ளவர்களுக்கும் இவ்வளவும் காய்ச்சல் இல்லாமலே நடக்கலாம். சிலருக்கு உடம்பு சில்லென்று ஆகிவிடுவதும் உண்டு.

2017-ஆம் ஆண்டில் மட்டும் உலகம் முழுவதும் 48.9 மில்லியன் பேருக்கு செப்சிஸ் வந்ததாகவும், அதையொட்டி 11 மில்லியன் பேர் இறந்ததாகவும் லான்செட் மருத்துவ இதழில் வெளிவந்த ஆய்வு மதிப்பிட்டது. உலகில் இறந்தவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர். அதே 2017-இல், 88 நாடுகளின் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் ஒரே நாளில் இருந்த 15,000-க்கும் மேற்பட்ட நோயாளிகளைக் கணக்கெடுத்தார்கள். அவர்களில் 54 விழுக்காட்டினருக்குக் கிருமித் தொற்று உறுதியாகியிருந்தது அல்லது சந்தேகிக்கப்பட்டது. தொற்று இருந்தவர்களில் 30 விழுக்காட்டினர் மருத்துவமனையிலேயே இறந்தார்கள். ரத்த அழுத்தம் விழுந்து, மருந்தால் தூக்கி நிறுத்த வேண்டிய கட்டத்துக்குப் போய்விட்டால் இறப்பு 40 விழுக்காட்டையும் தாண்டும்.

"ஆஸ்பத்திரிக்கு வந்த பிறகுதான் கிருமி பிடித்தது" என்று சிலர் கோபப்படுவார்கள். அப்படியும் நடக்கிறது, மறைக்க ஒன்றுமில்லை. அந்தக் கணக்கெடுப்பில் தொற்றுகளில் சுமார் 22 விழுக்காடு தீவிர சிகிச்சைப் பிரிவிலேயே வந்தவை. சுவாசக் குழாய், சிறுநீர்க் குழாய், கழுத்தில் போடும் ஊசிக் குழாய் எல்லாமே கிருமிக்கு வாசல்தான். பார்க்க வருபவர்களைக் கை கழுவச் சொல்லி நாங்கள் நச்சரிப்பது அதனால்தான். ஆனால் 44 விழுக்காடு, அதாவது அதைப் போல இரண்டு மடங்கு, வெளியிலிருந்தே வந்தவை.

தோட்டப்புறத்தில் அந்த வெளி எங்கே என்று நமக்குத் தெரியும். செம்பனை முள் குத்திய பாதம். இனிப்பு நீரால் நரம்பு மரத்துப்போனவருக்கு முள் உள்ளே இருப்பதே தெரியாது. மேலே மஞ்சள் பற்று, உள்ளே சீழ். மழைக்காலத்தில் சேற்று மண்ணிலிருந்து மெலியோய்டோசிஸ் கிருமி புண் வழியாக நுழைகிறது. இனிப்பு நீர் உள்ளவர்களைத்தான் அது அதிகம் தாக்கும், வழக்கமாகக் கொடுக்கும் பல ஆண்டிபயாட்டிக்குகளுக்கு அடங்காது. எலியின் சிறுநீர் கலந்த கால்வாய்த் தண்ணீரிலிருந்து எலிக் காய்ச்சல். அதனால் மருத்துவரிடம் புண்ணைக் காட்டினால் மட்டும் போதாது. சேற்றில் வேலை செய்தார், கால்வாயில் இறங்கினார் என்றும் சொல்லுங்கள். அந்த ஒரு வார்த்தையால் எந்த மருந்து என்பதே மாறலாம்.

மருந்து எவ்வளவு சீக்கிரம் ஏறுகிறது என்பது உயிர் விஷயம். செப்சிஸால் ரத்த அழுத்தம் விழுந்தவருக்கு ஒரு மணி நேரத்துக்குள் ஆண்டிபயாட்டிக் கொடுக்க வேண்டும் என்கின்றன அனைத்துலக வழிகாட்டிகள். நாமோ "விடியட்டும், டிஸ்பென்சரி திறக்கட்டும்" என்று ஒரு முழு இரவைக் கொடுத்துவிடுகிறோம். கார் இல்லை, பையன் நைட் ஷிப்டில் இருக்கிறான் என்ற கஷ்டம் எனக்குப் புரியாமல் இல்லை. நானும் லயத்து வீட்டில் வளர்ந்தவள்தான். ஆனாலும் கேளுங்கள்: புண்ணோ இருமலோ சிறுநீர் எரிச்சலோ இருக்கும் ஒருவர் திடீரென்று குழம்பிப் பேசினாலும், மூச்சு வாங்கினாலும், காலையிலிருந்து சிறுநீரே போகவில்லை என்றாலும், கை கால் சில்லிட்டுத் தோல் திட்டுத் திட்டாகத் தெரிந்தாலும், மணி என்னவென்று பார்க்காமல் 999-க்கு அடியுங்கள். போகும்போது அவர் சாப்பிடும் மாத்திரைகளை உறையோடு எடுத்துக்கொள்ளுங்கள். முகப்பில் இருப்பவரிடம் "உடம்பு சரியில்லை" என்று மட்டும் சொன்னால் வரிசையில் உட்கார வைத்துவிடலாம். "நேற்று நன்றாகப் பேசினார், இன்று ஆளே மாறிவிட்டார், செப்சிஸாக இருக்குமா என்று பாருங்கள்" என்று நேராகக் கேளுங்கள். அப்படிக் கேட்பது மரியாதைக் குறைவு இல்லை.

பிழைத்து வீடு திரும்புபவர்கள் பலர். அப்புறமும் மாதக்கணக்கில் களைப்பு, தசை பலவீனம், மறதி, கெட்ட கனவு எல்லாம் இருக்கும். சோம்பேறித்தனம் என்று திட்டாதீர்கள், உடனே செம்பனைக் குலை வெட்ட அனுப்பாதீர்கள். வந்த முதல் சில மாதங்களில் மறுபடியும் தொற்று வர வாய்ப்பு அதிகம். பாதத்தைத் தினமும் வெளிச்சத்தில் பாருங்கள், அவரால் குனிய முடியாவிட்டால் வீட்டில் ஒருவர் பார்க்கட்டும்.