ஜன்னலைத் திறந்து வைத்து வரையுங்கள்

பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறையில் இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பொது மருத்துவம் பார்க்கிறேன். சென்ற ஆடி மாதம் ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் மூன்றாவது முறையாகத் தலைவலி என்று வந்தார். இரத்த அழுத்தம் சரியாக இருந்தது. சர்க்கரையும் சரி. கண்ணாடியைக்கூட அண்மையில்தான் மாற்றியிருந்தார். மாலை நான்கு மணிக்கு மேல் நெற்றி விண்விண்ணென்று தெறிக்கிறது, குமட்டுகிறது, காலையில் எழுந்தால் ஒன்றுமில்லை என்றார். மருந்துச் சீட்டை எடுத்தபோது அவருடைய கட்டைவிரல் நகக்கண்ணில் அடர்நீலம் படிந்திருப்பதைக் கவனித்தேன்.

"டீச்சர், வீட்டில் பெயின்ட் வேலை நடக்கிறதா?"

"இல்லை டாக்டர், நான் படம் வரையப் பழகுகிறேன்."

அதைச் சொன்னபோது அவர் முகம் மலர்ந்தது. கணவர் மறைந்த பிறகு அவரை அப்படி நான் பார்த்ததே இல்லை. அந்தப் பழக்கம் அவரை விட்டுப் போய்விடக் கூடாது என்ற கவலையில்தான் இதை எழுதுகிறேன்.

அவர் பழகுவது 'ஈரத்தின் மேல் ஈரம்' என்ற எண்ணெய் வண்ண முறை. பாப் ராஸ் என்ற அமெரிக்க ஓவியர் 1983 முதல் 1994 வரை 403 தொலைக்காட்சி நிகழ்ச்சிகளில் கற்றுக்கொடுத்தது இதைத்தான். அரை மணி நேரத்துக்குள் ஒரு படத்தை முடித்துக்காட்டுவார். இன்று யூடியூபில் அவற்றைப் பார்த்து நம் ஊர்க்காரர்களும் தூரிகை எடுக்கிறார்கள். கேன்வாஸ் முழுக்க மெல்லிய வெள்ளை வண்ணத்தைப் பூசி, அது காயும் முன்பே வானம், தொலைமலை, மரம் என்று பின்னாலிருந்து முன்னால் வரவேண்டும். அடியில் கெட்டியான வண்ணம் இருந்தால் மேலே இளக்கமானது ஒட்டும். தலைகீழாகச் செய்தால் எல்லாம் குழம்பிச் சேறாகிவிடும். தொடக்கக்காரருக்கு இதைவிட உற்சாகம் தரும் முறை எனக்குத் தெரியவில்லை. உட்கார்ந்த இடத்திலேயே ஒரு படம் முடிந்துவிடுகிறது.

ஆனால் சிக்கலும் அந்த வேகத்தில்தான் இருக்கிறது. அடுக்கடுக்காக, நாள்கணக்கில் வரைகிறவர் அன்றைய வேலை முடிந்ததும் தூரிகையைக் கழுவினால் போதும். இந்த முறையிலோ ஒவ்வொரு நிறத்துக்கும் இடையில் கழுவ வேண்டும். ஒரு படத்துக்குள் பத்துப் பதினைந்து முறை வண்ணத்தைக் கரைக்கும் டர்ப்பன்டைனில் முக்கி, உதறி, கேன்வாஸ் தாங்கியின் காலில் பட்பட்டென்று அடிப்பார்கள். திரையில் பார்க்க ஆசையாக இருக்கும். ஒன்பதுக்குப் பத்து அடி அறையில் அதையே செய்தால் நுண்துளிகளும் ஆவியும் நேராக நம் மூக்குக்குத்தான் வரும்.

டீச்சரின் அறையில் இரண்டு ஜன்னல்கள் உண்டு. இரண்டுமே மூடியிருந்தன. இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழையில் சாரல் அடிக்கும் என்பதால் மூடினாராம். மழை விட்டதும் திறந்துவிடுவீர்களா என்று கேட்டேன். மார்கழியிலும் திறப்பதில்லை என்றார். காரணம் நமக்குத் தெரிந்ததுதான். பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கீழைக்காற்று வரும் மாதங்களில் வாளையாறு முதல் சிற்றூர் வரை புழுதி பறக்கும். எண்ணெய் வண்ணம் தொட்டால் ஒட்டாத அளவுக்குக் காயவே பல நாள்கள் ஆகும். அதுவரை பறக்கிற தூசியெல்லாம் படத்தில்தான் உட்காரும். ஆக, மழைக்கு ஒரு முறை, காற்றுக்கு ஒரு முறை என்று ஆண்டு முழுதும் மூடிய அறை.

டர்ப்பன்டைன் பைன் மரப் பிசினிலிருந்து வடிப்பது. இயற்கைப் பொருள்தானே என்று நினைக்கிறார்கள். அதன் ஆவி தலைவலி, குமட்டல், கண்ணெரிச்சல் தரும். ஆஸ்துமா உள்ளவருக்கு இழுப்பைக் கிளப்பும். சிலருக்குக் கையில் படை வரும், ஒருமுறை ஒவ்வாமை வந்துவிட்டால் பிறகு துளி பட்டாலும் அரிக்கும். காற்றைவிடக் கனமான அந்த ஆவி தரையோடு தங்குவதால், கீழே விளையாடும் குழந்தைக்கும் எட்டும். டர்ப்பன்டைனுக்குப் பதிலாக வாசனையற்ற தின்னர் என்று விற்பது ஓரளவு தேவலை. ஆனால் மணம் இல்லாததால் ஆவியும் இல்லை என்று நம்பிவிடாதீர்கள். எச்சரிக்க மூக்குக்கு வழியில்லை, அவ்வளவுதான்.

டீச்சருக்கு நான் மாத்திரை எழுதவில்லை. எதிரெதிர் ஜன்னல்களைத் திறக்கச் சொன்னேன். ஒன்றில் மேசை விசிறியை வெளிப்பக்கம் பார்த்து வைத்தால் ஆவி வெளியே போகும். படத்தை நேர்க்காற்று படாத சுவரோரம் வைக்கலாம். ஒட்டிய தூசியைக் காய்ந்த பிறகு தட்டிவிடலாம். நிறத்துக்கு ஒரு தூரிகை என்று ஐந்தாறு வைத்துக்கொண்டால் கழுவும் வேலையே பாதியாகும். நடுவில் துணியால் அழுத்தித் துடைத்து, ஆளிவிதை எண்ணெயில் அலசினாலே போதும். முடிந்ததும் பாத்திரம் கழுவும் சோப்பு. வீட்டில் இருக்கிறதே என்று தேங்காய் எண்ணெயை எடுக்காதீர்கள். அது என்றைக்கும் காயாத எண்ணெய், தூரிகையில் தங்கினால் படமும் பிசுபிசுத்தே கிடக்கும். தின்னர் வைத்தே ஆகவேண்டுமென்றால் மூடியுள்ள கண்ணாடிப் புட்டியில் வையுங்கள். அழுக்கான தின்னரைத் தொட்டியில் கொட்டினால் அது வாழைமரத்தடிக்குப் போய், அங்கிருந்து வீட்டுக் கிணற்றுக்கே திரும்பலாம். இரண்டு நாள் அசையாமல் வைத்தால் வண்டல் அடியில் தங்கிவிடும். மேலே தெளிந்ததை மீண்டும் பயன்படுத்தலாம்.

துடைத்த துணியைப் பற்றிப் பலரும் கேள்விப்பட்டதே இல்லை. ஆளிவிதை எண்ணெய் ஆவியாகிக் காய்வதில்லை. காற்றின் ஆக்சிஜனோடு சேர்ந்து இறுகுகிறது, அப்போது சூடு பிறக்கிறது. துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் அந்தச் சூடு வெளியேற வழியின்றி ஏறிக்கொண்டே போய், தீக்குச்சி இல்லாமலே பற்றிக்கொள்ளலாம். கொடியில் ஒற்றையாக விரித்துப் போடுங்கள், அல்லது தண்ணீரில் நனைத்து மூடியுள்ள தகர டப்பாவில் போடுங்கள். டர்ப்பன்டைனும் எளிதில் தீப்பற்றும். சுமார் 35 டிகிரி செல்சியஸிலேயே ஒரு சுடர் அருகில் இருந்தால் பற்றும் அளவுக்கு ஆவி எழும். பாலக்காட்டுக் கோடை 40 டிகிரியைத் தொடுவது உண்டு. சாமி விளக்கு எரியும் அறையில் வரையாதீர்கள்.

வண்ணங்களில் ஈயம், காட்மியம் கலந்தவை உண்டு. தொடக்கத்தில் அவை தேவையே இல்லை. வெள்ளைக்கு டைட்டானியம் போதும். நாம் கையால் பிசைந்து சாப்பிடுகிறவர்கள், ஆகவே நகக்கண்ணைத் தேய்த்துக் கழுவிவிட்டு இலையில் உட்காருங்கள்.

இன்னொன்று, என்னைத் தூங்கவிடாத ஒன்று. சில ஆண்டுகளுக்கு முன் இரண்டு வயதுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்கள். கடையில் தண்ணீர் பாட்டிலில் ஊற்றிக் கொடுத்த டர்ப்பன்டைனை அது ஒரு மடக்குக் குடித்துவிட்டது. பதறிய பாட்டி விரலை விட்டு வாந்தி எடுக்க வைத்திருந்தார். இளக்கமான அந்தத் திரவம் மேலே வரும்போது நுரையீரலுக்குள் இறங்கிவிடும். அப்படியே ஆனது. குழந்தை பிழைத்தது, ஆனால் ஒன்பது நாள் மருத்துவமனையில் கிடந்தது. வாந்தி எடுக்க வைக்காதீர்கள். குழந்தை சாதாரணமாக விளையாடினாலும் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். வாயில் விழுந்தது என்னவென்று காட்ட அந்தப் பாட்டிலையும் கையோடு எடுத்துப் போங்கள். குடிக்கிற பாட்டிலில் இதை ஊற்றித் தந்தால் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

டீச்சரின் தலைவலி பத்து நாளில் நின்றது. கொல்லங்கோட்டுப் பக்கமிருந்து தெரியும் நெல்லியாம்பதி மலையை வரைந்து எனக்குக் கொடுத்திருக்கிறார். அதன் வானத்தில் ஒரு பனந்துரும்பு ஒட்டியிருக்கிறது. ஜன்னலைத் திறந்து வைத்துத்தான் வரைந்தேன் என்பதற்கு அதுதான் சாட்சி, எடுத்துவிடாதீர்கள் டாக்டர் என்று சொல்லிவிட்டுப் போனார்.