இவாஞ்சலிஸ்ட்: தேவாலயத்துச் சொல் கம்ப்யூட்டர் கம்பெனிக்கு வந்த கதை

அடையாள அட்டையில் 'டெவலப்பர்', 'டெஸ்டர்' என்று இருந்தால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. 'டெக்னாலஜி இவாஞ்சலிஸ்ட்' என்று இருந்தால் கட்டாயம் பார்ப்பார்கள், ஏனென்றால் அந்தச் சொல்லை நாம் கேட்டுப் பழகிய இடமே வேறு.

மூலம் கிரேக்கம். 'யூ' என்றால் நல்ல, 'ஆங்கெலோஸ்' என்றால் சேதி கொண்டுவருபவர். 'ஏஞ்சல்' என்ற சொல்லும் இந்த ஆங்கெலோஸிலிருந்து வந்ததுதான். தமிழில் இதற்கு இரண்டு சொற்கள் உண்டு. பழைய வேதாகம வழக்கில் சுவிசேஷகர், பின்னால் வந்த வழக்கில் நற்செய்தியாளர். 'என்ன விசேஷம்?' என்று ஒருவரை விசாரிக்கும்போது நாம் கேட்பது சேதியைத்தானே, அதோடு 'சு' சேர்ந்தால் நல்ல சேதி, அவ்வளவுதான்.

சரி, இது கம்ப்யூட்டர் பக்கம் எப்படி வந்தது? 1984-இல் ஆப்பிள் மெக்கின்டோஷ் வெளிவந்தபோது அதில் ஓடுவதற்கு மென்பொருள் வேண்டியிருந்தது. எத்தனை பேர் வாங்குவார்கள் என்றே தெரியாத கணினிக்கு மற்ற நிறுவனங்கள் எதற்காக உட்கார்ந்து நிரல் எழுத வேண்டும்? அவர்களைப் பேசி நம்பவைக்கவே ஆட்களைப் போட்டு இந்தப் பட்டத்தைக் கொடுத்தார்கள். ஆப்பிளில் இருந்த கை கவாசாகி (Guy Kawasaki) அப்படிப் பெயர் வாங்கியவர். இணையத்தின் அடிப்படை நெறிமுறைகளை, அதாவது கணினிகள் ஒன்றோடொன்று பேசுவதற்கான விதிகளை, பாப் கானுடன் சேர்ந்து வடிவமைத்த விண்ட் செர்ஃப் 2005-இல் கூகுளில் சேர்ந்ததும் இதே பட்டத்தோடுதான், தலைமை இணைய இவாஞ்சலிஸ்ட்.

இப்போது பல நிறுவனங்கள் 'டெவலப்பர் அட்வகேட்' என்கின்றன. இரண்டும் ஒன்றுபோலத் தெரிந்தாலும் பேச்சின் திசை வேறு. இவாஞ்சலிஸ்ட் நிறுவனத்தின் சரக்கை வெளியே கொண்டுபோகிறவர். அட்வகேட் அதோடு, வெளியே இருக்கும் நிரலாளர்களின் புகாரை உள்ளே கொண்டுவந்து, 'இந்த ஏபிஐ (மென்பொருள்கள் ஒன்றோடொன்று பேசும் வழி) ஆவணத்தில் இருக்கும் மாதிரி நிரல் ஓடவே மாட்டேன் என்கிறது, சரிசெய்யுங்கள்' என்று சண்டையும் போட வேண்டும்.

தமிழில் என்ன சொல்லலாம்? நற்செய்தியாளர் என்றால் மதம் ஒட்டிக்கொள்ளும். தூதர் என்பது ஆங்கெலோஸுக்கு நேர் சொல்தான், ஆனால் விளம்பரத் தூதர்கள் அதைத் தேய்த்துவிட்டார்கள். என் ஓட்டு 'தொழில்நுட்பப் பரப்புரையாளர்' என்பதற்கு. தேர்தல் வாசம் கொஞ்சம் அடிக்கும், பரவாயில்லை, ஆள் பிடிக்கிற வேலைதானே. அட்வகேட்டை வழக்கறிஞர் ஆக்கிவிடாமல் 'நிரலாளர் சார்பாளர்' எனலாம்.

இந்த இரண்டு பட்டங்களுக்கும் பின்னால் சொல்லும்படியாக ஒரு வேலை இருக்கிறது. 'கோடிங் நிஞ்சா' என்ற பட்டத்துக்கு அது இல்லை. நிஞ்சா என்பவர் ஜப்பானில் ஒளிந்து வேவு பார்த்தவர்; எழுதும் ஒவ்வொரு வரியையும் குழு முழுக்கப் பார்த்துக் கேள்வி கேட்கிற தொழிலில் அவருக்கு என்ன வேலையோ! 'நிரலாளர்' போதும். 2021 மார்ச்சில் ஈலான் மஸ்க் டெஸ்லாவின் 'டெக்னோகிங்' ஆனார், ஆனால் தலைமைச் செயல் அதிகாரி பதவியிலும் தொடர்வார் என்று அந்த அறிவிப்பிலேயே போட்டிருந்தார்கள். கையெழுத்துப் போட அதுதானே வேண்டும்.

அதற்காக விசித்திரமான பட்டம் எல்லாமே வெத்து என்று தள்ளிவிடவும் முடியாது. அப்பல்லோ விண்கலத்துக்கு மென்பொருள் எழுதிய குழுவின் தலைவர் மார்கரெட் ஹாமில்டன், தங்கள் வேலையை 'சாஃப்ட்வேர் இன்ஜினியரிங்' என்று சொல்ல ஆரம்பித்தபோது அது ரொம்ப நாள் கேலிக்குரிய பேச்சாகவே இருந்ததாகப் பின்னாளில் சொன்னார். இன்று மென்பொருள் பொறியாளர் என்பதைவிடச் சாதாரணமான பட்டம் இந்தத் துறையில் கிடையாது.