தோட்டத்தை விற்பதற்கு முன் விசாவைப் படியுங்கள்

2024 ஏப்ரல் மாதம் காங்கேயம் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர், அவர் மகன், மருமகள் மூவரும் ஈரோட்டில் உள்ள என் அலுவலகத்துக்கு வந்தார்கள். ஒன்றரை ஏக்கர் தோட்டத்துக்குக் கிரயப் பத்திரம் எழுத வேண்டும் என்றார்கள். பட்டா, மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று எதிலும் குறையில்லை. கிணற்றில் தண்ணீர் இருந்தது. இப்படிப்பட்ட பூமியை யாரும் லேசில் விற்கமாட்டார்கள் என்பதால் காரணம் கேட்டேன்.

"மருமவளுக்கு லண்டன்ல நர்ஸ் வேலை கெடச்சிருக்குதுங்க வக்கீலம்மா. பையன், பேரனுங்க எல்லாருமே கூடப் போயிரலாம்னு ஏஜென்ட் சொல்றாருங்க. பதினெட்டு லட்சம் கட்டோணும். நாலு லட்சம் குடுத்தாச்சுங்க."

வேலைக் கடிதத்தை வாங்கிப் பார்த்தேன். அதில் நர்ஸ் என்ற சொல்லே இல்லை. கேர் அசிஸ்டென்ட் என்றிருந்தது. முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை, தொழில் குறியீடு 6135. பிரிட்டனில் 6135, 6136 ஆகிய இரண்டு குறியீடுகளிலும் புதிதாகப் போகிறவர்கள் கணவனையோ மனைவியையோ குழந்தைகளையோ அழைத்துச் செல்ல முடியாது என்ற விதி 2024 மார்ச் 11 அன்றே நடைமுறைக்கு வந்துவிட்டது. இவர்கள் என்னிடம் வந்தது அதற்கு ஒரு மாதம் கழித்து.

விளக்கிச் சொன்னதும் பெரியவர் கேட்ட முதல் கேள்வி, "அப்ப பேரனுங்க?" அந்தப் பெண் ஒன்றும் பேசவில்லை. பி.எஸ்சி. நர்சிங் முடித்து ஆறு வருடம் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவர் அவர். (அடையாளம் தெரியாமல் இருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

அதற்குப் பிறகு திருப்பூர், கோபி, பொள்ளாச்சி என்று பல ஊர்களிலிருந்தும் இதே மாதிரிக் காகிதங்களோடு ஆட்கள் வந்துகொண்டிருக்கிறார்கள். எல்லோரும் சம்பளம் எவ்வளவு என்று விசாரித்திருக்கிறார்கள், குளிர் எப்படி என்றுகூட விசாரித்திருக்கிறார்கள். இந்த விசாவில் என்னோடு யார் வரலாம், எப்போது வரலாம், வந்தால் அவர்கள் வேலை செய்யலாமா என்று மட்டும் யாரும் கேட்டிருப்பதில்லை. குடும்பத்தோடு குடியேற நினைப்பவர்கள் முதலில் கேட்க வேண்டியது அதைத்தான். பதில் ஏஜென்ட்டின் வாயில் இருக்காது, அந்த நாட்டு அரசின் குடிவரவு இணையதளத்தில் இருக்கும். விதிகள் மாதக்கணக்கில் மாறுகின்றன. போன வருடம் போன மச்சான் சொன்னதை நம்பி இந்த வருடம் பணம் கட்ட முடியாது.

சிங்கப்பூரை எடுத்துக்கொள்ளுங்கள். நம் பக்கத்துப் பையன்கள் அதிகம் போகிற ஊர். ஒர்க் பெர்மிட்டில் போகிறவர் குடும்பத்தைக் கொண்டுபோக முடியாது. அதற்கு மேல்நிலை வேலைகளுக்கான எஸ் பாஸ், எம்ப்ளாய்மென்ட் பாஸ் வைத்திருப்பவராக இருந்தாலும் மாதச் சம்பளம் குறைந்தது 6,000 சிங்கப்பூர் டாலர் இருந்தால்தான் மனைவி, குழந்தைகளுக்கு டிபென்டன்ட் பாஸ் கேட்கலாம். அமீரகத்தில் 4,000 திர்ஹாம் சம்பளம், அல்லது 3,000 திர்ஹாமும் தங்குமிடமும் இருந்தால் குடும்பத்தைக் கூப்பிடலாம். ஆனால் வேலை போனால் விசாவும் போகும். அதைக் குடியேற்றம் என்று நினைத்துக்கொண்டு இங்கே இருக்கிற வீட்டை விற்றுவிடாதீர்கள்.

கனடாவில் 2025-ல் இரண்டு பெரிய மாற்றங்கள். நிரந்தரமாகக் குடியேற மதிப்பெண் போட்டு ஆள் எடுக்கும் எக்ஸ்பிரஸ் என்ட்ரியில் வேலைக் கடிதத்துக்குக் கிடைத்துவந்த கூடுதல் மதிப்பெண்ணை மார்ச் 25 அன்று எடுத்துவிட்டார்கள். அதற்கு முன்பே, ஜனவரி 21 முதல், வேலையாட்கள் எல்லோருடைய கணவன் மனைவிக்கும் ஓப்பன் ஒர்க் பெர்மிட் (எந்த முதலாளியிடமும் வேலை செய்யும் அனுமதி) கிடைக்கும் என்ற நிலை போய்விட்டது. உயர்நிலை வேலைகளுக்கும், அதற்கு அடுத்த நிலையில் குறிப்பிட்ட சில வேலைகளுக்கும் மட்டும்தான், அதுவும் வேலையாளின் பெர்மிட்டில் 16 மாதமாவது மீதி இருந்தால். இத்தனைக்குப் பிறகும் "வேலை லெட்டர் இருந்தா பாயின்ட் ஏறும்" என்று சொல்லி அதற்குத் தனி ரேட் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள்.

கோவைப் பக்கம் பம்ப், ஃபவுண்டரி, மெஷின் ஷாப்புகளில் வேலை பார்க்கும் இன்ஜினியர்களுக்கு ஜெர்மனி நல்ல வாய்ப்பு என்று நான் நினைக்கிறேன். பட்டம் படித்தவர்களுக்கான வேலை விசாவான ப்ளூ கார்டுக்கு 2025-ல் ஆண்டுச் சம்பளம் 48,300 யூரோ வேண்டியிருந்தது, ஆள் பற்றாக்குறை உள்ள தொழில்களுக்கு அதைவிடக் குறைவு. ப்ளூ கார்டு வாங்கியவரின் மனைவி ஜெர்மன் தேர்வு எழுதாமலே போகலாம், போனதும் வேலையும் செய்யலாம். நீங்கள் படித்த பல்கலைக்கழகத்தை அங்கே ஏற்கிறார்களா என்பதை அனாபின் என்ற தளத்தில் இலவசமாகப் பார்த்துக்கொள்ளலாம். இதைப் பார்த்துச் சொல்லவே இருபதாயிரம் வாங்கிய கன்சல்டன்சியைப் பற்றிக் கேள்விப்பட்டு எனக்கு மனம் கொதித்தது.

சரி, விசா வகை பொருந்துகிறது என்றே வைத்துக்கொள்வோம். அடுத்து நம் ஊர்க்காரர்கள் அடிபடுவது அனுபவச் சான்றில். அதுவும் பொய்ச் சான்றால் மட்டும் இல்லை, உண்மையான அனுபவம் காகிதத்தில் இல்லாததாலும்தான். திருப்பூரில் பன்னிரண்டு வருடம் மெர்ச்சன்டைசராக இருந்த ஒருவர் வந்தார். ஐரோப்பிய பையர்களோடு நேரடியாகப் பேசி ஆர்டர் முடிப்பவர், வேலையில் கெட்டிக்காரர். சம்பளத்தில் பாதி பேங்கில், மீதி கவரில். முதல் ஐந்து வருடம் பி.எஃப். பிடித்தமே கிடையாது. கம்பெனி பெயர் இரண்டு முறை மாறியிருந்தது. விசா அதிகாரி கேட்பது சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு, ஃபார்ம் 16, பி.எஃப். பாஸ்புக் ஆகியவை. இவை நான்கும் ஒரே கதையைச் சொல்ல வேண்டும். இவருடைய பன்னிரண்டு வருடத்தில் நான்கு வருடத்தைத்தான் எங்களால் காட்ட முடிந்தது.

அந்த நேரத்தில் ஏஜென்ட் என்ன சொல்வார் தெரியுமா? "லெட்டர்பேடு நம்மகிட்ட இருக்குதுங்க, போட்டுக்கலாம்." தயவுசெய்து ஒத்துக்கொள்ளாதீர்கள். பொய்க் காகிதம் கண்டுபிடிக்கப்பட்டால் கனடா 5 வருடம் உள்ளே விடாது, பிரிட்டன் 10 வருடம் வரை தடை போடலாம். உங்கள் விண்ணப்பத்தோடு சேர்த்து மனைவி, குழந்தைகளின் விண்ணப்பமும் விழும். ஏஜென்ட்டுக்கு ஒன்றும் ஆகாது, கையெழுத்து உங்களுடையது. இரண்டு மூன்று வருடத்தில் போகும் எண்ணம் இருந்தால், முழுச் சம்பளத்தையும் பேங்கில் போடச் சொல்லி இந்த மாதமே முதலாளியிடம் கேளுங்கள். தருகிறேன் என்பார்கள், தரமாட்டேன் என்பார்கள். தராவிட்டால் கம்பெனி மாறுவதுகூட நல்லதுதான்.

பெயர் விஷயமும் நமக்கே உரிய தொல்லை. பத்தாம் வகுப்புச் சான்றில் ஒரு இனிஷியல், டிகிரியில் இரண்டு, பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரிவாக, ஆதாரில் வேறு எழுத்து. மனைவியின் பாஸ்போர்ட்டில் கணவர் பெயரே ஏறியிருக்காது. இதையெல்லாம் விசா கேட்ட பிறகு சரிசெய்ய ஓடக்கூடாது. திருமணப் பதிவும் அப்படித்தான். மண்டபத்தில் ஆயிரம் பேர் சாப்பிட்ட கல்யாணமாக இருக்கும், பதிவு செய்திருக்கமாட்டார்கள். தமிழ்நாட்டில் 2009 நவம்பருக்குப் பிறகு நடந்த எல்லாத் திருமணங்களையும் 90 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும் என்பது சட்டம். பழைய கல்யாணங்களை இந்து திருமணச் சட்டத்தின் கீழ் பதிவு செய்யலாம், அலைச்சல் இருக்கும். அந்தச் சான்று இல்லாமல் மனைவி உங்கள் மனைவிதான் என்று தூதரகத்தை நம்பவைப்பது கஷ்டம்.

இனி பணம். இந்தியாவில் வெளிநாட்டு வேலைக்கு ஆள் சேர்க்க 1983-ம் ஆண்டு குடிபெயர்வுச் சட்டப்படி லைசென்ஸ் வேண்டும். லைசென்ஸ் இருக்கிறதா என்பதை மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் யாரும் பார்க்கலாம். லைசென்ஸ் உள்ளவரும் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் 18 சதவீத ஜி.எஸ்.டி.யும், அதாவது 35,400 ரூபாய்க்கு மேல் வாங்கக்கூடாது, ரசீது தர வேண்டும். ஐ.இ.எல்.டி.எஸ். ஆங்கிலத் தேர்வு வகுப்பு நடத்துகிற, மாணவர்களை அனுப்புகிற அலுவலகங்கள் பலவற்றுக்கு இந்த லைசென்ஸ் கிடையாது. ஏசி போட்ட அறையும் சுவரில் கொடிகளும் லைசென்ஸ் ஆகாது. தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் 1978 முதல் சென்னையில் இயங்குகிறது. அங்கே ஒருமுறையாவது பதிந்து பார்த்துவிட்டு மற்ற இடங்களுக்குப் போங்கள்.

அந்தப் பக்கத்துச் சட்டமும் இதையேதான் சொல்கிறது. கனடாவில் வெளிநாட்டு ஆளை எடுக்க முதலாளி வாங்க வேண்டிய எல்.எம்.ஐ.ஏ. அனுமதியின் விண்ணப்பக் கட்டணமான 1,000 டாலரை முதலாளிதான் கட்ட வேண்டும், வேலையாளிடம் வசூலிக்கக்கூடாது. ஆஸ்திரேலியாவில் வேலை விசாவுக்கு முதலாளி தரும் ஸ்பான்சர்ஷிப்புக்காகப் பணம் கேட்பதே குற்றம். பிரிட்டனில் ஸ்பான்சர் உரிமம் உள்ள நிறுவனங்களின் பட்டியலை அரசே வெளியிடுகிறது. ஆனால் பட்டியலில் பெயர் இருக்கிறது என்பதோடு நின்றுவிடாதீர்கள். உண்மையான நிறுவனத்தின் பெயரில் போலிக் கடிதம் அடிக்கிறார்கள். அந்த நிறுவனத்தின் இணையதளத்தில் உள்ள எண்ணுக்கு நீங்களே போன் செய்யுங்கள். விசிட் விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்பவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். பிரிட்டனில் அப்படி மாற்ற வழியே கிடையாது.

உங்களுக்கு உண்மையாகவே ஆகும் செலவு வேறு. பிரிட்டனில் ஸ்கில்டு ஒர்க்கர் விசாவில் மூன்று வருடத்துக்குப் போகும் கணவன், மனைவி, இரண்டு குழந்தைகள் மருத்துவ வரியாக மட்டும் 10,866 பவுண்டு முன்கூட்டியே கட்ட வேண்டும். பெரியவர்களுக்கு ஆண்டுக்கு 1,035, குழந்தைகளுக்கு 776. சேமிப்பு இதற்குத்தான் வேண்டும்.

நிலத்தைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க மனமில்லை. வெளிநாட்டில் குடியேறி என்.ஆர்.ஐ. ஆனவர், பின்னால் அந்நாட்டுக் குடியுரிமை பெற்று இந்திய வம்சாவளியினருக்கான ஓ.சி.ஐ. அட்டை வாங்கியவர், இருவருமே இந்தியாவில் விவசாய நிலத்தை விலைக்கு வாங்க முடியாது. ஃபெமா என்ற அந்நியச் செலாவணிச் சட்டம் தடுக்கிறது. ஏற்கெனவே இருப்பதை வைத்துக்கொள்ளலாம், அப்பா வழியில் வருவதைப் பெறலாம். விற்றுவிட்டு, நாலு காசு சம்பாதித்துத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம் என்று கணக்குப் போடுகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

காங்கேயத்துப் பெரியவர் அன்றைக்குப் பத்திரம் எழுதவில்லை. மருமகளுக்கு நர்ஸாகவே போகும் வழியைச் சொன்னோம். ஓ.இ.டி. ஆங்கிலத் தேர்வு, பிறகு பிரிட்டன் நர்சிங் கவுன்சிலின் கணினித் தேர்வு. பதிவு பெற்ற நர்ஸுக்குக் குடும்பத்தை அழைத்துப்போகும் உரிமை இருக்கிறது. அந்நாட்டு ஆள்சேர்ப்பு விதிகள்படி நர்ஸிடம் ஏஜென்ட் கமிஷன் கேட்கவும் கூடாது. ஒரு வருடத்துக்கு மேல் ஆகும் என்றேன். "ஆகட்டுங்க, பசங்களோட போறதுன்னா படிக்கறேங்க" என்றார் அந்தப் பெண்.

கொடுத்த நாலு லட்சத்தில் இரண்டரை லட்சம்தான் திரும்பி வந்தது. அதுவும் வங்கி மூலம் அனுப்பியிருந்ததால். கையில் கொடுத்த ஒன்றரை லட்சத்துக்கு ரசீது இல்லை. ஏமாந்துவிட்டோம் என்று தெரிந்தால் ஏஜென்ட்டோடு வாட்ஸ்அப்பில் சண்டை போட்டு நாளைக் கடத்தாதீர்கள். ஆன்லைனில் பணம் போயிருந்தால் உடனே 1930-க்கு அழையுங்கள். மாவட்டக் குற்றப்பிரிவில் மோசடிக்குப் புகார் கொடுங்கள், லைசென்ஸ் இல்லாமல் ஆள் சேர்த்ததையும் அதில் எழுதுங்கள். சென்னையில் உள்ள குடிபெயர்வோர் பாதுகாப்பு அலுவலகத்துக்கும் ஒரு நகல் அனுப்புங்கள். ஏஜென்ட் அனுப்பிய குரல் பதிவுகளை அழித்துவிட வேண்டாம். பாதிப் பணத்தைக் கொடுத்து "முழுவதும் பெற்றுக்கொண்டேன்" என்று கையெழுத்துக் கேட்டால் போடாதீர்கள். பாஸ்போர்ட்டை அவர் கையில் வைத்திருந்தால் முதலில் அதை வாங்குங்கள். கொடுக்க மறுத்தால் அதையும் புகாரில் சேருங்கள்.