6000 சுற்றில் ஒரு கலிங்கு

கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருந்து ஒரு பொறியியல் மாணவர் கேட்டிருக்கிறார்: "எங்க மாமா ஹூண்டாய் ஐ20 என் லைன் வெச்சிருக்கார் சார். கன்னியக்கோயில் தாண்டி ரோடு காலியா இருந்தா, 2000 ஆர்பிஎம்லயே முதுகுல கை வெச்சுத் தள்ளுற மாதிரி இழுக்குது. 4000 தாண்டினா அந்தத் தள்ளல் குறைஞ்சுடுது. ஆனா புத்தகத்துல அதிகபட்ச பவர் 6000 ஆர்பிஎம்லன்னு போட்டிருக்கு. எது சரி?"

அவர் முதுகு சொல்வதும் சரி, புத்தகம் சொல்வதும் சரி. முதுகில் படுவது டார்க், அதாவது எஞ்சின் தண்டைத் திருகும் முறுக்கு விசை. புத்தகம் சொல்வது பவர், அதாவது டார்க்கையும் சுற்றும் வேகத்தையும் பெருக்கினால் வருவது. அந்த வண்டியில் இருப்பது 998 சிசி, மூன்று சிலிண்டர் டர்போ பெட்ரோல் எஞ்சின். நிமிடத்துக்கு 1500 முதல் 4000 சுற்று (அதுதான் ஆர்பிஎம்) வரை 172 நியூட்டன் மீட்டர் டார்க். 6000 சுற்றில் 120 பிஎஸ் (குதிரைத்திறன்) பவர். கணக்குப் போட்டுப் பாருங்கள். 4000 சுற்றில் 172 என்றால் பவர் சுமார் 98 பிஎஸ்தான். 6000 சுற்றில் 120 பிஎஸ் வர 140 நியூட்டன் மீட்டரே போதும். பிஸ்டன் கொடுக்கும் ஒவ்வொரு அடியும் கொஞ்சம் மெலிகிறது, ஆனால் ஒரு நிமிடத்தில் விழும் அடிகள் ஒன்றரை மடங்காகின்றன. அதனால் மொத்த வேலை கூடுகிறது.

சரி, டார்க் ஏன் குறைகிறது? அதற்கு டர்போவுக்குள் போக வேண்டும்.

டர்போவின் அடிப்படை பலருக்கும் தெரியும். சைலன்சர் வழியாக வீணாகப் போகும் சூடான புகை ஒரு சின்னச் சக்கரத்தைச் சுற்றுகிறது. அதே தண்டின் மறுமுனையில் உள்ள இன்னொரு சக்கரம் வெளிக்காற்றை உறிஞ்சி, நெருக்கி, எஞ்சினுக்குள் அனுப்புகிறது. நெருக்கினால் காற்று சூடாகும். இன்டர்கூலர் அதைக் குளிரவைக்கும். ஸ்விட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் ப்யூக்கி 1905இல் காப்புரிமை வாங்கிய யோசனை இது.

புதுச்சேரியில் வில்லியனூர் ரோட்டுப் பட்டறை ஒன்றில், கழற்றி வைத்த டர்போவைக் கையில் வாங்கிப் பார்த்தேன். காற்றை நெருக்கும் அலுமினியச் சக்கரம், புது வண்டிப் பூஜையில் டயருக்கு அடியில் வைப்போமே, அந்த எலுமிச்சம்பழம் அளவுதான். தண்டை விரலால் ஆட்டினால் லேசாக ஆடியது. "தேஞ்சு போச்சா?" என்றேன். "இல்ல சார், ஆயில் இல்லாம அப்படித்தான் ஆடும். ஆயில் ஓடுனா அந்த ஆயில் மேலயே மிதக்கும்" என்றார் மெக்கானிக். நிமிடத்துக்கு சுமார் 2 லட்சம் சுற்று சுற்றும் பொருள் அது. பக்கத்து நெய்வேலியில் மின்சாரம் எடுக்கும் நீராவி டர்பைன் 3000 சுற்றுதான். நாலு சென்டிமீட்டர் சக்கரம் 2 லட்சம் சுற்று சுற்றினால் அதன் விளிம்பு நொடிக்கு 400 மீட்டருக்கு மேல் ஓடும். நம் வீட்டு வாசலில் ஒலி போகும் வேகத்தையே மிஞ்சிவிடும். அத்தனையையும் தாங்குவது மெல்லிய எண்ணெய்ப் படலம். எலுமிச்சம்பழம் வைக்கிறவர்கள் வைக்கட்டும். ஆயில் மாற்றும் தேதியைத் தள்ளிப்போடுவதுதான் அந்தத் தண்டைக் கொல்கிறது. பூஜையில் காட்டும் அக்கறையில் பாதியை ஆயிலுக்குக் காட்டினால் எத்தனையோ டர்போ பிழைக்கும்.

எனக்கு இதில் மிகவும் பிடித்த பாகம் அந்தச் சக்கரம் அல்ல. பக்கத்தில் இருக்கும் சின்னக் கதவு, வேஸ்ட்கேட்.

புகை அதிகமானால் சக்கரம் வேகமாகச் சுற்றும். சக்கரம் வேகமானால் காற்று அதிகம் போகும். காற்று அதிகமானால் பெட்ரோலும் அதிகம் எரியும், புகை இன்னும் அதிகமாகும். இப்படியே விட்டால் எங்கே போய் நிற்கும்? எஞ்சின் உடைந்துதான் நிற்கும். ஐப்பசி, கார்த்திகையில் பாகூர் ஏரி நிரம்பும்போது என்ன செய்கிறோம்? கரை உடையாமல் இருக்க, உபரி நீர் கலிங்கு வழியாக வழிந்து போகிறது. வேஸ்ட்கேட்டும் கலிங்குதான். திறந்தால் புகையில் ஒரு பகுதி சக்கரத்தைத் தொடாமலே சுற்றுவழியில் சைலன்சருக்குப் போய்விடும்.

பழைய கலிங்குகளில் வரிசையாகக் கல் நட்டிருப்பார்கள். கல்லுக்குக் கல் பலகை செருகினால் ஏரியில் கூடுதல் நீர் நிற்கும், எடுத்தால் வழிந்துவிடும். வண்டியில் பலகையைச் செருகி எடுக்கும் வேலை ஈசியு என்னும் கணினிக்கு. 1500 சுற்றில் புகை குறைவு, ஆகவே கதவை மூடி எல்லாவற்றையும் சக்கரத்துக்கே அனுப்புகிறது. சுற்று ஏற ஏறக் கதவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்கிறது. 1500இலிருந்து 4000 வரை டார்க் கோடு மேசை போலத் தட்டையாக இருப்பது இதனால்தான். அந்த 172தான் கலிங்கின் உயரம். எஞ்சினும் கியர்பாக்ஸும் நீண்ட நாள் தாங்கட்டும் என்று பொறியாளர்கள் அங்கே வைத்த உயரம். வரைபடத்தில் அந்தத் தட்டைக் கோட்டைப் பார்க்கும்போதெல்லாம், அதற்குக் கீழே ஓயாமல் திறந்து மூடும் அந்தக் கதவுதான் எனக்கு ஞாபகம் வரும்.

4000க்கு மேல் கதை மாறுகிறது. 6000 சுற்றில் இந்த எஞ்சின் தன் ஒரு லிட்டர் வயிற்றை நொடிக்கு 50 முறை நிரப்புகிறது. காற்று ஒன்றரை மடங்கு நெருக்கமாக வருகிறது என்று வைத்துக்கொண்டால், நொடிக்கு 75 லிட்டர் வெளிக்காற்று. நம் 15 லிட்டர் குடத்தில் ஐந்து குடம்! அவ்வளவும் எரிந்து, சூட்டில் பல மடங்கு விரிந்து வெளியே போக வேண்டும். 1500 சுற்றிலேயே சக்கரம் எழ வேண்டும் என்பதற்காக வழியைக் குறுகலாகச் செய்திருக்கிறார்கள். கதவு நன்றாகத் திறந்தாலும் புகை நெரிகிறது. பிஸ்டன் அதைத் தள்ளி வெளியேற்றவே பலத்தைச் செலவழிக்கிறது. சூடான புகையில் கொஞ்சம் சிலிண்டரிலேயே தங்கி, பெட்ரோல் நேரம் தவறி வெடிக்கும் ஆபத்து கூடுகிறது. ஈசியு ஸ்பார்க்கைச் சற்றுத் தாமதப்படுத்திக் காப்பாற்றுகிறது. டார்க் இறங்குகிறது.

பெரிய டர்போ வைத்தால்? மேலே நன்றாக மூச்சு விடும், கீழே தூங்கும். முந்தைய தலைமுறை ஹோண்டா சிவிக் டைப் ஆர் அந்தப் பக்கம் சாய்ந்த வண்டி. இரண்டு லிட்டர் எஞ்சின். 400 நியூட்டன் மீட்டர் 2500 சுற்றில்தான் தொடங்குகிறது, ஆனால் 6500 சுற்றில் 320 பிஎஸ் தருகிறது. அங்கேயும் உச்சியில் டார்க் சுமார் 345 ஆக இறங்கியே இருக்கிறது. எதை விட்டு எதை எடுப்பது என்பது வண்டி செய்கிறவர்கள் எடுக்கும் முடிவு. நகரத்துக்குள் ஓட்ட எனக்குச் சின்ன டர்போவே போதும்.

இந்த மாணவர் கடிதத்தில் இன்னொரு வரி: கல்லூரியில் மூன்று வருடமாக டர்போவைப் படத்தில் மட்டுமே பார்த்திருக்கிறாராம். மனது கஷ்டமாக இருந்தது. பழுதான ஒரு டர்போவைப் பட்டறையில் வாங்கிக் குறுக்கே அறுத்து மேசையில் வைக்க ஆண்டுவிழா மேடை அலங்காரச் செலவில் ஒரு துண்டு போதும். ஆராய்ச்சிக்கு நிதி என்று டெல்லியைப் பார்த்துக் கேட்பது நியாயம்தான். அதற்கு முன்னால் இதைச் செய்யலாம்.

தம்பி, கடைசியாக உங்கள் முதுகுக்கு ஒரு பதில். தள்ளல் குறைவது உங்களுக்குத் தெரிவது அதே கியரில் 4000ஐயும் 6000ஐயும் ஒப்பிடுவதால். அதே வேகத்தில் இரண்டு கியர்களை ஒப்பிடுங்கள். கீழ் கியரில் 6000 சுற்று, மேல் கியரில் 4000 சுற்று என்றால், கீழ் கியர் டார்க்கை மேல் கியரை விட ஒன்றரை மடங்கு பெருக்கித் தருகிறது. 140ஐ ஒன்றரையால் பெருக்கினால் 210. மேல் கியரில் வெறும் 172. லாரியைத் தாண்டும்போது மாமா கியரைக் குறைப்பது இதற்காகத்தான்.